மொட்டைக் கடுதாசி

"மேனேஜர் மேசையில அந்த மொட்டைக் கடுதாசியை வெச்சது நீதானே?"

டிரைவர் போட்ட சத்தத்தில், ஓய்வறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த நாலு பேரும் நிமிர்ந்தார்கள்.

கண்டக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஆமா. நான்தான் வெச்சேன்."

"பதினோரு வருஷம்டா! ஒரே பஸ்ல வேலை, ஒரே டப்பாவுல சாப்பாடு. என் பொழப்புல மண்ணைப் போட உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

கண்டக்டர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடுதாசியில் இருந்தது இரண்டே வரி. இன்ன நம்பர் பஸ் டிரைவர் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு பஸ் ஓட்டுகிறார், உடனே பரிசோதியுங்கள். கீழே பெயரில்லை. மேனேஜர் அதை டிரைவருக்குப் படித்துக் காட்டினாரே தவிர, தாளைக் கையில் தரவில்லை. கண்டக்டர் அதைக் கொண்டுபோய் வைத்ததைப் பார்த்தவர் மெக்கானிக். அவர் பார்த்தால் டெப்போவே பார்த்த மாதிரி.

அன்று மதியமே டிரைவரை டாக்டரிடம் அனுப்பினார்கள்.

கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த டாக்டர், நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். "நூத்தித் தொண்ணூறு. மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

"மூணு வாரம் இருக்கும்."

"ஏன்?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "கால் வீங்குச்சு டாக்டர். சாயங்காலம் ஆனா ஷூவைக் கழட்ட முடியலை. யாராவது பாத்துட்டு, இவனுக்குக் கால் சரியில்லேன்னு பஸ்ஸைப் பிடுங்கிட்டா? எனக்கு வேற என்ன தொழில் தெரியும்?"

"இது கால்சியம் சேனல் பிளாக்கர்னு ஒரு வகை மாத்திரை. ரத்தக்குழாயைத் தளர்த்தி பிரஷரைக் குறைக்கும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும், அவ்வளவுதான். வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் குறைச்சு, கூட வேற ஒண்ணு சேர்த்துக் குடுத்திருப்பேன். இப்படியே விட்டிருந்தா ஸ்டியரிங்கைப் பிடிச்ச கையோட சாய்ஞ்சிருப்பீங்க. பின்னால எத்தனை பேர் உக்காந்திருப்பாங்க?"

டிரைவர் மடித்த சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டார்.

பிரஷர் நிலைக்கு வரும்வரை பஸ்ஸைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அதுவரை வாசல் அறையில் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதும் வேலை. கண்டக்டர் இருக்கும் பஸ் வந்தால் மட்டும் தலையை நிமிர்த்தாமலே எழுதுவார்.

டெப்போ மொத்தமும் டிரைவர் பக்கம்தான். கண்டக்டருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். "வழி விடுங்கப்பா, தபால்காரர் வர்றார்!" அவர் சாப்பிட உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

ஆறு வாரம் ஓடியது. புது மாத்திரைகள் ஒத்துக்கொண்டன. கால் வீக்கம் வடிந்தது. 'இனி ஓட்டலாம்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை, காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே டிரைவர் மனைவியிடம் சொன்னார்: "மேனேஜர்கிட்ட முதல் வேலையா ஒண்ணு சொல்லப் போறேன். எந்த பஸ் குடுத்தாலும் சரி, அந்தத் துரோகி வேண்டாம்."

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்தக் கடுதாசி நான் எழுதினதுங்க."

பட்டன் போட்ட கை நின்றுவிட்டது.

"ரெண்டு தடவை தலை சுத்தி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. மாத்திரை போடுங்கன்னா எரிஞ்சு விழுந்தீங்க. நீங்க வேலைக்குக் கிளம்பினா, திரும்பி வர்ற வரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எழுதி எடுத்துக்கிட்டு டெப்போ வாசல் வரைக்கும் வந்துட்டேன். உள்ளே வர கால் எழும்பலை. அந்த அண்ணன்தான் பாத்துட்டு, குடும்மா, நான் குடுக்கறேன்னு வாங்கிட்டுப் போனார்."

"சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்ட சொன்னியா?"

"நான் எதுவுமே சொல்லலைங்க. நீங்க அவரைத் திட்டறப்பல்லாம் சொல்லிடணும்னுதான் வாய் வரைக்கும் வரும். பயத்துல முழுங்கிட்டேன்."

டிரைவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் பிரஷர் ஏறும் என்பதும் ஞாபகம் வந்தது. விடுவிடுவென்று கிளம்பிப் போனார்.

டெப்போவில் கண்டக்டர் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து டிக்கெட் பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் அவர் பக்கத்திலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏண்டா, அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா? ஆறு வாரம்! அத்தனை பேரும் உன்னைக் காறித் துப்பாத குறை."

கண்டக்டர் பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீங்க எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா எனக்கு எட்டு மணி நேரம்தாண்டா கஷ்டம். ஷிப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுவேன். அந்தக் கோபத்தை நீ தங்கச்சி மேல காட்டியிருந்தா, அது எங்கடா போகும்?"