வலது கை நாடி

“அய்யா, ஒங்க நெஞ்சுக்குள்ள ஏன் ரெண்டு பேரு நடக்குறாங்க?” ராக்கப்பனின் மார்பில் காது வைத்துப் படுத்திருந்த மகள் முருகேஸ்வரி கேட்டாள்.

பக்கத்து வயல்காரனும் நண்பனுமான பால்சாமி இறந்த நாளிலிருந்து ராக்கப்பனுக்குத் தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. சாயல்குடி டாக்டர் நாடி பார்த்தார். இடது கையில் நிமிடத்துக்கு நூற்றுப் பத்து, வலது கையில் அறுபது. மூன்று முறை எண்ணிவிட்டு, “மனசுல எதப் போட்டு அழுத்துறீங்க?” என்றார்.

ராக்கப்பன் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்தான். இறந்த அன்று பால்சாமி, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் தன் முறையை ராக்கப்பனின் மிளகாய்க்கு விட்டுக்கொடுத்திருந்தான். கூடவே நின்ற பால்சாமிக்கு வியர்த்துக் கொட்டியது. “ஏலே ராக்கப்பா, தாடையும் தோளும் வலிக்குதுலே.”

“சொத்தப்பல்லு வச்சுக்கிட்டு முறுக்குத் தின்னா வலிக்காதா?” என்று சிரித்து, ஒரு கிராம்பைக் கடிக்கக் கொடுத்தான் ராக்கப்பன். தண்ணீர் பாய்ந்து முடிவதற்குள் பால்சாமி வரப்பில் சாய்ந்துவிட்டான். கிராம்பு வாயிலேயே இருந்தது.

மார்கழித் திருவாதிரைக்கு ஊரே உத்தரகோசமங்கைக் கோயிலுக்குக் கிளம்பியது. “நீங்க வரலையா?” என்றாள் மனைவி.

“சாமி இங்கனயும் இருக்காரு. நீ போயிட்டு வா.”

அன்று ராக்கப்பனின் தண்ணீர் முறை. அவன் மடையைத் திருப்பி, பால்சாமியின் மனைவி கருத்தம்மாளின் வாடிய மிளகாய்க்குப் பாய்ச்சினான். அவனுடைய பாத்திகள் காய்ந்தே கிடந்தன.

கடைசிப் பாத்தி நிறைந்ததும் வரப்பில் உட்கார்ந்து இரண்டு மணிக்கட்டையும் தொட்டுப் பார்த்தான். இரண்டிலும் ஒரே துடிப்புதான் இருந்தது.

அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை; ஆனாலும் அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து, ஈர மண்ணில் ஒரு சோடிக் கால்தடம் கருத்தம்மாள் வீட்டை நோக்கிப் போயிருந்தது.