எடைக்குப் போட்ட நட்டு

காரில் பெட்ரோல் கசிந்தது.

பெட்ரோல் குழாய் பம்ப்பில் சேருகிற இடத்தில் ஒரு பித்தளை நட்டு. கட்டைவிரல் நகத்தளவு. அதன் மரை தேய்ந்துவிட்டது. வேறு கோளாறு ஒன்றும் இல்லை. வண்டிக்கு முப்பத்தைந்து வயது.

என் மனைவிக்கு முப்பது நாள் ரேடியேஷன். பத்தொன்பது முடிந்திருந்தது. நடுவில் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. வாடகைக் கார்க்காரர்கள் இரண்டு பேர், அவள் வாந்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு மறுநாள் போனையே எடுக்கவில்லை. எங்கள் கார் என்றால் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள்.

பத்தொன்பதாவது நாள், வெள்ளிக்கிழமை, கசிகிற இடத்தில் சோப்பை அப்பி ஓட்டினேன். பெட்ரோல் வாடையில் வழி நெடுகக் குமட்டினாள்.

"விட்டுருங்க. மிச்ச நாளுக்கு நான் போகலை" என்றாள்.

சனி, ஞாயிறு சிகிச்சை கிடையாது. திங்கள் மதியத்துக்குள் வண்டி ஓட வேண்டும்.

ரப்பர் குழாயைச் செருகி ஒப்பேற்று என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். இன்ஜின் சூட்டில் இளகிவிடும் என்றான். தீப்பிடித்தால் பின்சீட்டில் படுத்திருக்கிற அம்மாவால் எழுந்து ஓட முடியுமா என்று கேட்டான்.

சனிக்கிழமை ஏழு கடை ஏறி இறங்கினேன். ஏழிலும் மரை வேறு. லேத்தில் கடைந்து கொடுத்தது முதல் முறுக்கிலேயே பிளந்தது. ஏழாவது கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

"இந்தக் கார் கம்பெனி ஸ்டோர்ல மூட்டை மூட்டையா இருந்துச்சு சார். ஒரே நாள்ல அத்தனையும் எடைக்குப் போட்டுட்டாங்க. எந்தப் புண்ணியவான் கையெழுத்துப் போட்டானோ."

அந்த ஸ்டோருக்கு இருபத்தெட்டு வருடம் பொறுப்பாக இருந்தவன் நான். கையெழுத்தும் என்னுடையது. பழைய மாடல், இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, போட்டேன்.

என் கண்ணில் படாமல் ஒரு குண்டூசி வெளியே போனதில்லை. எடைக்குப் போட்ட அன்று ஸ்டோர் ஆள் ஒருவன் டிபன் பாக்ஸில் ஒரு கை நட்டுகளை அள்ளிக்கொண்டு கிளம்பினான். கேட்டில் எல்லோர் முன்னாலும் திறக்கச் சொன்னேன். எடைக்குப் போறதுதானே சார் என்றான். எடைக்குப் போனாலும் கம்பெனிச் சொத்து என்றேன். அன்றோடு வேலை போயிற்று. டிபன் பாக்ஸ் திருடன் என்று வீட்டில் அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் போன் செய்தான். ஒருவரிடம் நட்டு இருக்கிறதாம். திங்கள் காலையில் அவரே வந்து மாட்டித் தருவாராம்.

"ஆனா, நீங்க பத்து மணிக்கு மேல வாங்க சார். முன்னாடி வராதீங்க."

"என் வண்டி. நான் ஏன் வரக்கூடாது?"

"சொன்னாக் கேளுங்க சார்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு நட்டை மாட்டிவிட்டு நாலு சாமானைக் கழற்றிக்கொள்கிற வேலை. இவர்களை எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய் நின்றேன்.

என்னைப் பார்த்ததும் மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டான். என் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸ்.

பழைய பழக்கம். குனிந்து எடுத்துத் திறந்தேன்.

உள்ளே துணி விரித்து, எண்ணெய் தடவி அடுக்கிய பித்தளை நட்டுகள். மேலே, மூட்டையில் கட்டுகிற பழுப்பேறிய ஒரு அட்டைச் சீட்டு. 'உபயோகமற்றது. எடைக்கு.' கீழே என் கையெழுத்து.

மெக்கானிக் என்னை ஓரமாக இழுத்துப்போனான். வேலை போன மறுநாளே அவர் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கிறார். கடைசிச் சம்பளத்தைக் கொடுத்து அந்த மூட்டைகளில் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் என்றைக்காவது தேடி வருவார்கள் என்று.

"அவர் கையால நீங்க வாங்கிக்க மாட்டீங்களாம். அந்த வீம்புல அம்மாவுக்கு ஒரு நாள் வீணாயிடுமாம். அதான் உங்களை வரவேணாம்னு சொல்லச் சொன்னார்."

அதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த டிபன் பாக்ஸைத்தான் பார்த்தார்.

"மூடிக் குடுங்க சார். தூசி விழும்."

மூடி சரியாக உட்கார எனக்கு மூன்று தடவை ஆயிற்று.

வண்டியைக் கிளப்பிப் பார்த்தேன். கீழே குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. நிமிர்ந்தபோது அவர் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை.

மதியம் மனைவி பின்சீட்டில் படுத்துக்கொண்டாள். இன்னும் பதினோரு நாள் இருந்தது.

"வாடையே இல்லைங்க" என்றாள். "யாரு சரி பண்ணினது?"

அவளுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். எனக்கும்.

"டிபன் பாக்ஸ் திருடன்" என்றேன்.