ஏழாவது தடவை நின்ற படம்

"இந்தா, மறுபடியும் நின்னுட்டுல்லா!"

மகாதேவன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். டி.வி.யில் போலீஸ்காரர் தூக்கிய லத்தியோடு அப்படியே நின்றார். இன்றைக்கு மட்டும் இது ஆறாவது தடவை.

குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்தில் வீடு இருந்தால் சீசனுக்குச் சொந்தக்காரர்கள் வராமல் இருப்பார்களா? மகாதேவனும் அவர் மனைவி ஆவுடையம்மாளும் திருவேங்கடத்திலிருந்து குற்றாலத்தில் குளிக்க வந்து நாலு நாளாகிறது. வந்த நாளிலிருந்து அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. இன்றைக்கும் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனார்கள். போலீஸ் திருப்பி அனுப்பியது. அந்த எண்ணெய்த் தலையோடுதான் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படம் மாடியிலுள்ள கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை வைஃபையில் இழுத்துக் கீழே டி.வி.யில் காட்டுவது அந்த வீட்டுப் பையன் லிங்கேஸ்வரனின் வீடியோ கேம் பெட்டி. அவனும் அவன் மனைவி நிவேதாவும் போனிலிருந்தே அதை ஓட்டலாம், நிறுத்தலாம். வீட்டுக்குள்ளேயே தியேட்டர் என்று அத்தை ஆவுடையம்மாளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

"மருமவனே, ஒன் தியேட்டர்ல படத்தைவிட இடைவேளைதான் ஜாஸ்தி!"

"இருங்க மாமா, நெட்டாத்தான் இருக்கும்."

லிங்கேஸ்வரன் மாடிக்கு ஓடினான். வைஃபையை அணைத்துப் போட்டான். ஒயரைப் பிடுங்கிச் செருகினான். மூச்சு வாங்க இறங்கி வந்தால், படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் அப்பா சிவனணைந்தபெருமாளும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி மாமா ஓடுச்சு?"

"எங்கிட்ட கேக்க? நீ மாடிக்குப் போனா நிக்குது, எறங்குனா ஓடுது. பேசாம படியிலயே உக்காந்துக்கோ!"

மகாதேவனுக்கு அப்படி ஒரு வாய். வந்த அன்றைக்கே நிவேதா வைத்த ரசத்தை, "அருவித் தண்ணிய இங்கனயே கொண்டுவந்துட்டியே தாயி" என்றார். சர்க்கரை வியாதியால் அடிக்கடி எழுந்து போகும் சிவனணைந்தபெருமாளையும் விடவில்லை. "மச்சான், பாத்ரூம்லயே ஒரு சேரப் போட்டுருங்க. நீங்க போய்ட்டு வர வர, விட்ட கதையைச் சொல்ல எனக்குத் தெம்பில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிவனணைந்தபெருமாளும் சிரித்து வைத்தார். நிவேதா மட்டும் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கொலைகாரன் யாரென்று தெரியப் போகும் நேரம். ஏழாவது தடவையாகப் படம் நின்றது.

"நீங்களே பாத்துக்கிட்டு கெடங்க. நான் காப்பி போடச் சொல்லுதேன்" என்று ஆவுடையம்மாள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். போன வேகத்தில் கத்தினாள்.

"ஏலே லிங்கு! இங்கன ஓடியா! கோளாறு நெட்டுல இல்லலே, ஒம் பொண்டாட்டி கையில இருக்கு!"

நிவேதா அடுக்களை நிலைவாசலில் போனோடு நின்றாள். போனில் ஹாலில் ஓடிய அதே படம், அதே போலீஸ்காரர். அவள் கட்டை விரல் நிறுத்தும் பொத்தான்மேல்.

லிங்கேஸ்வரன் போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நீயா நிறுத்துன?"

"ஆமாங்க."

"இத்தன நாளும்?"

"ம்."

"நான் பைத்தியக்காரன் மாதிரி மாடிக்கும் ஹாலுக்கும் ஓடுதேன், பாத்துட்டு நிக்க! எதுக்குன்னு சொல்லித் தொலையேன்!"

நிவேதா பின்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"அவ என்னத்தச் சொல்லணும்?" மகாதேவன் வந்துவிட்டார். "வீட்ட விட்டுப் போங்கன்னு வாயால சொல்ல முடியல, பெட்டிய வச்சு சொல்லுதா. ரசத்தைச் சொன்னதுக்குப் பழி வாங்குதா. ஏட்டி ஆவுடை, பையை எடு!"

ஆவுடையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கொடியில் கிடந்த ஈரத் துண்டை உருவிப் பைக்குள் திணித்தாள்.

"இது எங்க அண்ணன் வீடு. முப்பது வருசமா வாரேன். எங்க மதினி இருந்த வரைக்கும் ஒரு சுடுசொல் கேட்டதில்ல. இனி இந்த வாசல மிதிச்சா என்னை ஏன்னு கேளுங்க!"

"அத்தை, இருங்க..." லிங்கேஸ்வரன் கையைப் பிசைந்தான். நிவேதா பக்கம் திரும்பினான். "இப்பச் சொல்லுதியா, இல்லையா? காரணம் சொல்லு, இல்ல மன்னிப்புக் கேளு. ரெண்டுல ஒண்ணு."

"தப்புதாங்க" என்றாள் நிவேதா. பிறகு ஆவுடையம்மாளிடம், "மன்னிச்சிருங்க. நீங்க போகாதீங்க" என்றாள்.

"காரணம் சொல்ல மாட்டா, பாத்தியா! அம்புட்டு அழுத்தம்!" என்றார் மகாதேவன்.

பின்கட்டில் பாத்ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு ஏச்சுக்கு நடுவிலும் நிவேதாவின் விரல் தானாக அசைந்தது. ஹாலில் படம் ஓடத் தொடங்கியது.

சிவனணைந்தபெருமாள் சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டி.வி.யைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏன் மாப்ளே எல்லாரும் அங்கன போய் நிக்கிய? வந்து உக்காருங்க. நம்ம லிங்கு வாங்குன பெட்டி ராசியான பெட்டிதான். மூணு நாளா நானும் எத்தன தடவ எந்திரிச்சுப் போய்ட்டு வாரேன், எனக்கு ஒரு சீன்கூடத் தப்பலயே!"