மவுஸ் வைக்க இடம்

"அண்ணே, நீ ஆடுறது அழுகுணி ஆட்டம்!"

சுஜிதா ஹெட்போனைக் கழற்றாமலே கத்தினாள். மதுரை ஹாஸ்டல் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அறைத்தோழி கார்த்திகா நிமிரவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு நடப்பதுதான்.

அண்ணன் அன்புச்செல்வன் போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். காய் உலர்த்தும் ஸ்டோர் அவன் பொறுப்பு. காய் எடுப்பு தொடங்கிவிட்டால் அடுப்பை விட்டு நகர முடியாது. போடிக்கு வீட்டுக்கு வந்தே மூன்று மாதம் ஆகிறது. இந்த ஆன்லைன் துப்பாக்கிச் சண்டையில்தான் அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொள்வது.

"என்னாத்த அழுகுணி ஆடிட்டேன்?"

"கையில பிடிக்கிற கன்ட்ரோலர் வச்சு ஆடுறேல்ல? நீ குத்துமதிப்பா திருப்புனாப் போதும், ஆட்டமே உன் குறியை இழுத்துக் கொண்டுபோய் என் தலை மேல வைக்குது. நான் மவுஸை மயிரிழை நகர்த்தி நானே குறி வைக்கிறேன். எது திறமை?"

"ஒத்தக் கட்டைவிரலுக்கு அதாச்சும் ஒத்தாசை பண்ணட்டுமே ஆத்தா. உனக்குக் கை முழுசும் வேலை செய்யுதுல்ல?"

"அப்ப நீயும் மவுஸைப் பிடி. யாரு தடுத்தா?"

காதில் ஹோவென்று காற்று இரைந்தது.

"அது என்ன எப்பப் பாத்தாலும் இரைச்சல்?"

"ஸ்டோர்ல ஃபேன் ஓடுது."

"பேச்சை மாத்தாதே. ஓனரு புது லேப்டாப் குடுத்தாரு, பழசு எனக்கெதுக்குன்னு சொல்லித்தான உன்னுத என்கிட்டக் குடுத்தே? புதுசுல மவுஸ் மாட்ட முடியாதா?"

"மாட்டலாம்... வயரை எலி கடிச்சிருச்சு."

"எலி கடிச்சிருச்சா?" என்று அவள் கத்தியதில் கார்த்திகாவே சிரித்துவிட்டாள். சுஜிதா சிரிக்கவில்லை.

"அடுத்த ஞாயிறு மவுஸும் கீபோர்டுமா வா. சரிக்குச் சரி ஆடுவோம். இல்லேன்னா இதுதான் உன்கூட நான் ஆடுற கடைசி ஆட்டம்."

"ஏ சுஜி..."

அவள் ஆட்டத்திலிருந்து வெளியேறிவிட்டாள்.

"பாவம்டி. விளையாட்டுதான?" என்றாள் கார்த்திகா.

"விளையாட்டுல நேர்மையில்லாதவங்க வேற எதுல நேர்மையா இருப்பாங்க?"

அந்த வாரம் முழுக்க அவன் மூன்று முறை குறுஞ்செய்தி அனுப்பினான். சாப்பிட்டாயா என்று மூன்றிலும் கேட்டிருந்தான். மவுஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சனிக்கிழமை சுஜிதா கடைக்குப் போய் ஒரு மவுஸும் கீபோர்டும் வாங்கினாள். ஞாயிறு காலை ரயிலேறிப் போடி வந்தாள். எலி கடித்த கதை இனிச் செல்லாது. நேரில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, எதிரே உட்கார வைத்து ஆட வேண்டும். அதோடு, மூன்று மாதம் பார்க்காத முகத்தையும் பார்த்துவிடலாம். இதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தோட்டத்துக்கு அரிசி லோடு ஏற்றிப்போகும் உக்கிரபாண்டியின் ஜீப்பில் இடம் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, மூடுபனி கண்ணாடியில் அப்பியது.

மெட்டுக்கு முந்தின வளைவில் ஜீப் நின்றது.

"பாப்பா, தோட்டம் வரைக்கும் போகணும்னு இல்ல. உங்க அண்ணன் அந்தா உக்காந்திருக்கான்."

"இங்கயா? இங்க என்ன சோலி?"

"தோட்டத்துல மெசேஜ் போறதே பெரிசு, நெட்டு ஏது? இந்த வளைவுலதான் நெட்டு எடுக்கும். வாரத்துக்கு ரெண்டு மணி நேரந்தான் அவனுக்கு மாத்தாளு விடுவாக. நடந்து வர அரை மணி, போக அரை மணி. மழையா இருந்தாலும் வந்துருவான்."

சாலையோரக் கைப்பிடிச் சுவரில், முதுகைக் காட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு சாண் அகலச் சுவர். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. தலையில் உர மூட்டைப் பிளாஸ்டிக் சாக்கை மழைக்கு மடித்துக் கொங்காணியாகப் போட்டிருந்தான். கையில் கன்ட்ரோலர்; அதன் நடுவில் அவனுடைய போன் செருகியிருந்தது. காற்று ஹோவென்று இரைந்தது.

அவள் வாரா வாரம் காதில் கேட்ட அதே ஃபேன்.

அவன் தனியாகப் பேசிக்கொண்டிருந்தான். இல்லை, அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆத்தா, நாலு பத்தாச்சு. இன்னும் கோவமா? வெரசா வாடி. குறியை இழுக்குற அந்த ஒத்தாசையெல்லாம் அணைச்சுப் போட்டுட்டேன். இன்னைக்கு நீயே பத்துத் தடவை சுடு. வந்தாப் போதும்."

திரையில் அவள் பெயருக்கு எதிரே அவள் இன்னும் வரவில்லை என்று சாம்பல் புள்ளி காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே."

திரும்பியவன் விழாத குறையாக எழுந்தான். "ஏ சுஜி! நீ எங்க இங்க? பையில என்னது, பெரிசா?"

அவள் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். அப்போதும் கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஓனரு குடுத்த புது லேப்டாப் எங்க?"

அவன் சாக்கை எடுத்து அவள் தலையில் போட்டான்.

"ஓனரு எங்க குடுத்தாரு? இருந்தது ஒண்ணுதான் ஆத்தா. அது மதுரையில உன் மேசை மேல இருக்கு."