தடுப்புப் பலகை

கடைசி ஆணி எளிதில் வரவில்லை.

சுத்தியலின் பிளந்த பக்கத்தைக் கொடுத்து நெம்பினாள். சத்தம் எழாமலிருக்க ஆணியைச் சுற்றித் துணி வைத்திருந்தாள்.

கட்டிலில் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். பாரிசவாதத்தில் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

காஸ் தீர்ந்து பத்தொன்பது நாள். வெற்றுச் சிலிண்டர் தெருமுனைக் கடைக்கு முன்னால் மற்றவர்களின் சிலிண்டர்களோடு சங்கிலியில் கிடந்தது. அதன் வயிற்றில் சோக்கால் எழுதிய பெயர் மழையில் இரண்டு தடவை அழிந்துவிட்டது.

"கிடக்கட்டுமக்கா. சிலிண்டராவது வரிசையில நிண்டு பழகட்டும்" என்றான் கடைக்காரன்.

மண்ணெண்ணெயும் இல்லை. மின்சாரம் வரும் சில மணி நேரத்துக்கென்று வைத்திருந்த மின் அடுப்பு போன கிழமை எரிந்துபோயிற்று. கொழும்பில், கொட்டாஞ்சேனையில், விறகுக்கு எங்கே போவது.

குசினியின் புகைக்கூட்டை காஸ் வந்த வருடமே அடைத்திருந்தார்கள். பின்முற்றத்தில் மூன்று செங்கல் வைத்தாள்.

முதலில் பெட்டிகளை எரித்தாள். பிறகு புத்தகத் தட்டை. பிறகு தடுப்பை.

மாமனாரின் பழைய வீடு. பதினோரு வருடத்துக்கு முன் அண்ணனும் தம்பியும் அதை நடுவால் பிரித்தார்கள். மரக்கால்கள் நட்டு அவர் தன் பக்கத்தில் பலகை அடித்தார். தம்பி அதை நம்பவில்லை. மற்றப் பக்கத்தில் தானும் அடித்தான்.

அன்றிலிருந்து பேச்சில்லை.

வீட்டின் நடையில் அவள் ஆறு பலகை கழற்றினாள். பின்னால் தம்பியின் பலகைகள் அசையாமல் நின்றன. அவர்கள் பக்கத்திலும் சில பொழுது ஆணி கிரீச்சிடும். பெட்டி உடைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இனி இந்த அறைப் பலகைகள்தான் மிச்சம்.

கஞ்சியைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தொண்டையில் இறங்காது. நேற்றுக் காலையிலிருந்து அதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, குழறிக் குழறி, அவளிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தம்பி தன்னை இப்படிப் பார்க்கக்கூடாது.

அவள் சத்தியம் செய்திருந்தாள்.

பின்னால் இன்னொரு பலகை இருக்கிறது. பயமில்லை.

ஆணி வந்தது. பலகை கையோடு வந்தது.

வெளிச்சமும் வந்தது.

பின்னால் ஒன்றுமில்லை.

தம்பியின் குசினி தெரிந்தது. அடுப்பில் சாம்பல். தரையில் குந்தியிருந்து அவன் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

நிமிர்ந்தான். அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிக் கட்டிலைப் பார்த்தான்.

எழுந்தான். கை தானாகப் போய், மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கால்வரை இறக்கிவிட்டது. அண்ணனுக்கு முன்னால் அவன் எப்போதும் அப்படித்தான் நின்றிருக்கிறான்.

கட்டிலில் கண்கள் திறந்திருந்தன.

தம்பியின் மனைவி நேசமலர் சட்டியோடு கதவடியில் வந்து நின்றாள்.

"உங்கட பலகை இருக்கெண்டுதானக்கா நாங்கள் எங்கடதை எரிச்சனாங்கள். நடையில நீங்களும் அதைத்தானே செய்தனீங்கள்."

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள்.

அவர் இடக்கையால் போர்வையை இழுத்தார். நெஞ்சு மறைந்தது. கழுத்து மறைந்தது. முகமும் மறைந்தது.

பலகையைத் திரும்ப அடித்துவிடலாம். ஆணிகள் நேராகத்தான் இருந்தன. அடித்தால் இன்றும் கஞ்சி இல்லை.

திறப்பின் குறுக்கே பழைய சேலை ஒன்றைக் கட்டினாள். பலகையைப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கொத்தினாள். காய்ந்த மரம். உடனே பிடித்தது. பெயின்ட் கருகி மணத்தது.

அரிசி குழைந்து கரையும்வரை கிளறினாள்.

கிண்ணத்தோடு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சேலைக்கு அப்பால் சத்தமே இல்லை.

"இப்ப ஒருத்தரும் பாக்கேல்லை" என்றாள்.

போர்வை அசையவில்லை.

அதன் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அவர் விடவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். அந்த ஒரு கையில் இவ்வளவு மிஞ்சியிருந்தது அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் முறை அவள் இழுக்கவில்லை.