தூக்கிய கைகள்

"டென்வர் டீம்காரங்க கூப்பிட்டாங்க, கார்ட்டர். வரலைன்னு சொல்லிட்டேன். நீ நிம்மதியா பேக்கரியைத் திற."

என் மனைவி டெல்லா போன வாரம் சொன்னது இது. முப்பத்தொரு வயது கால்பந்து முன்கள வீராங்கனைக்கு இனி அப்படியோர் அழைப்பு வராது. எனக்காகத்தான் போர்ட்லாந்திலேயே இருக்கிறாள் என்று உருகிப்போனேன். மறுநாளே பேக்கரிக்கு அடுப்பும் வந்து இறங்கியது.

இன்று டென்வருடன் ஆட்டம். கடைசி நிமிடத்தில் டெல்லா கோல் போட்டாள். அரங்கமே எழுந்து கத்தியது. வழக்கமாக என்னைத் தேடி முத்தம் பறக்கவிடுபவள், இரு கைகளையும் தூக்கியபடி தலைகுனிந்து நின்றாள்.

"என்னடா, கோல் போட்டுட்டு மன்னிப்பு கேக்குறா உன் பொண்டாட்டி?" என்றாள் பக்கத்தில் இருந்த என் அக்கா லோர்னா. "பழைய டீமுக்கு எதிரா அடிச்சாதானே அப்படி நிப்பாங்க? முன்னாடி டென்வர்ல ஆடியிருக்காளா?"

"ஒருநாள்கூட இல்லக்கா."

"அப்புறம் யார்கிட்ட கேக்குறா?"

அப்போதுதான் டெல்லா நிமிர்ந்து என் இருக்கையைப் பார்த்தாள். கைகளை இறக்கவே இல்லை.

"அக்கா, அந்த அடுப்பைத் திருப்பி எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டேன்.