ஈரப்புல்லில் ஒரு கைப்பை

ஜெர்மனியின் எசன் நகரப் பூங்காவில் ஆங்கிலேய இசைவிழா நடக்கிறது. வயலின் ஓய்ந்த இடைவேளையில் வந்தவர்களெல்லாம் றப்பர் சப்பாத்து ஒன்றைத் தூரத் தூர எறிந்து விளையாடுகிறார்கள். இங்கிலாந்து ஊர்ப்புற வழக்கமாம். "இதைப் பிடியுங்கோ, நானும் எறியப்போறன்," என்று கைப்பையைக் கணவன் மதீசனிடம் திணித்துவிட்டு, சாரங்கா சேலையை இடுப்பில் செருகுகிறாள். "விசரோ உமக்கு? சனம் பாக்குது." "பாத்தால் பாக்கட்டும்!" வெறுங்காலோடு அவள் எறிகிற கோட்டில் போய் நிற்கிற நேரம் பார்த்து, அவனுடைய அலுவலக மேலாளர் பியர்க் குவளையோடு பக்கத்தில் வருகிறார். மதீசன் பையை மெல்லப் புல்லில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போகிறான். மழை விட்ட வெயிலில் அவள் எறிந்த சப்பாத்து சுழன்று சுழன்று எல்லாருடைய எறியையும் தாண்டி விழுகிறது. பூங்காவே கைதட்டுகிறது. சிரித்தபடி திரும்பிய சாரங்கா முதலில் பையைக் காண்கிறாள், பிறகு அவனை, பிறகு மேலாளரை. "யாரோடு வந்தீர்கள்?" என்று அறிவிப்பாளர் ஜெர்மனில் கேட்டு ஒலிவாங்கியை நீட்டுகிறார். "தனியாக வந்தேன்," என்கிறாள் அவளும் ஜெர்மனில். "கெட்டிக்காரி! உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று மேலாளர் மதீசன் பக்கம் திரும்பிக் கேட்கிறார். மதீசனின் காதுமடல் சுடுகிறது. சாரங்கா அவன் முகத்தைப் பாராமலே வந்து குனிந்து, பையில் ஒட்டிய புல்லைத் தட்டி, தன் தோளிலேயே மாட்டிக்கொள்கிறாள்.